ஒரே சீரியலுக்கு மூன்று கட்டணம்

கேபிள் கட்டணம் ஏறினால் கேள்வி கேட்காத வீடு கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் கிடையாது. இருபது ரூபாய் கூடினாலும் வாசலில் நிறுத்திக் கணக்குக் கேட்பார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அதே வீட்டில் அப்பாவின் வங்கிக் கணக்கிலிருந்து ஒரு ஓ.டி.டி. (இணையம் வழியே படம், சீரியல் காட்டும் செயலி) சந்தா, மகனின் யூபிஐயிலிருந்து ஒன்று, மருமகளின் மொபைல் ரீசார்ஜோடு ஒன்று, பிராட்பேண்ட் பேக்கோடு ஒன்று என்று நான்கு வழியில் பணம் போகும். அதை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. கேபிளும் ஃபைபரும் இரண்டையும் கொடுக்கிற தொழிலில் இருப்பதால் அந்தக் கூட்டுத்தொகை எனக்குத் தெரிகிறது. கேபிள்காரன் ஓ.டி.டி.யைப் பற்றிப் பேசினால் சந்தேகப்படுவதும் நியாயமே. ஆகவே முதலில் என் பில்லையே பிரித்துக் காட்டுகிறேன்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, ட்ராய் எனும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி கேபிள் கட்டணத்துக்கு இரண்டு பகுதிகள். கம்பி வழியே சானல்களைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கு ஒன்று, கட்டணச் சானல்களுக்கு மற்றொன்று. முதல் பகுதிக்கு 130 ரூபாய் என்ற வரம்பு இருந்தது. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 153 ரூபாய் 40 காசு. எங்களுக்கும், எங்களைப் போன்ற உள்ளூர்க்காரர்களுக்குச் சிக்னல் தரும் பெரிய நிறுவனமான எம்.எஸ்.ஓ.வுக்கும் தனி உடன்பாடு இல்லாத இடத்தில் இதில் 45 சதவீதம் எங்களுக்கு, 55 சதவீதம் அவர்களுக்கு. 2024 ஜூலையில் ட்ராய் அந்த வரம்பை நீக்கிவிட்டது. இன்று அந்தத் தொகையை நிறுவனமே தீர்மானிக்கலாம். ஆகவே, ‘அரசு வைத்த கட்டணம்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மாறாமல் இருப்பது உங்கள் தேர்வுரிமை. கட்டணச் சானல் எதுவானாலும் தனித்தனியாகக் கேட்டு வாங்கலாம். தொகுப்பாகத்தான் தருவோம் என்று சொல்ல முடியாது. தனி விலை 19 ரூபாய்க்கு மேல் உள்ள சானலை ஒளிபரப்பு நிறுவனம் தன் தொகுப்பில் சேர்க்கவும் கூடாது. இந்த உரிமையைக் கேட்டு வருபவர்கள் மிகக் குறைவு. ‘ஃபேமிலி பேக்’ என்ற பெயரைப் பார்த்தவுடன் தலையாட்டிவிடுகிறார்கள். மற்ற மொழிச் சானல்கள் எல்லாம் வீண் என்றும் சொல்லிவிட முடியாது. சத்தியமங்கலம், தாளவாடிப் பக்கம் வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசுகிற குடும்பங்கள் நிறைய. பெருந்துறை சிப்காட்டைச் சுற்றி வாடகைக்கு இருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களுக்கு இந்தி, ஒடியா சானல்கள் வேண்டும். யார் எதைப் பார்க்கிறார்கள் என்று வீட்டுக்குள் ஒருமுறை கேட்டுவிட்டுப் பட்டியல் போடுங்கள் என்பதுதான் நான் சொல்வது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். விஜய் டி.வி. சீரியல் ஜியோஹாட்ஸ்டாரில் இருக்கிறது. ஜீ தமிழின் சீரியல் ஜீ5இல். சன் டி.வி.யின் சீரியல் 2017இல் தொடங்கிய சன் நெக்ஸ்ட்டில். டி.வி.யும் செயலியும் ஒரே நிறுவனத்தின் இரண்டு கடைகள்தான். மாலையில் அமுச்சி (பாட்டி) கேபிளில் பார்ப்பதை, வேலை முடிந்து இரவு வரும் மருமகள் செயலியில் பார்க்கிறார். அதே செயலி அவருடைய மொபைல் ரீசார்ஜிலும் இலவசம் என்ற பெயரில் சேர்ந்திருக்கும். அவர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார். ஆக, ஒரே கதைக்கு மூன்று இடத்தில் கட்டணம்.

கூட்டுத் தொகுப்புகளில் இன்னொரு சங்கதி. பிராட்பேண்டோடு பத்து, பதினைந்து ஓ.டி.டி. என்று விளம்பரம் வரும். என் இணைப்பிலும் அப்படிப்பட்ட பேக் உண்டு. பதிவு செய்த மொபைல் எண்ணுக்கு வரும் இணைப்பைத் திறந்து செயல்படுத்தினால்தான் அது வேலை செய்யும். பலர் செய்வதில்லை, செய்யாமலேயே அதே தளத்துக்குத் தனியாகவும் பணம் கட்டுகிறார்கள். மலிவான மொபைல் திட்டத்தை வாங்கிவிட்டு, ‘டி.வி.யில் படம் வரவில்லை, லைனில் கோளாறு’ என்று என்னை அழைப்பவர்களும் உண்டு. நெட்ஃபிளிக்ஸ் 2021 டிசம்பரில் விலையைக் குறைத்தபோது 149 ரூபாய்க்கு வந்த மொபைல் திட்டம் போன், டேப்லெட்டுக்கு மட்டும்தான். வாங்கும் முன் எந்தத் திரையில் ஓடும் என்ற வரியைப் படித்துவிடுங்கள்.

போட்டி அதிகமானால் விலை குறையும் என்பது சந்தைக் கணக்கு. சந்தாதாரருக்கு அது கொஞ்ச காலம்தான் பலித்தது. 2023 ஐ.பி.எல்.லை ஜியோசினிமா இலவசமாகக் காட்டியது. அந்தச் சீசனில் எத்தனையோ பேர் ஹாட்ஸ்டார் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. கேபிள் இணைப்பை நிறுத்தியவர்களும் எங்கள் பக்கம் இருந்தார்கள். 2024 நவம்பரில் ஜியோசினிமாவையும் ஹாட்ஸ்டாரையும் நடத்திய நிறுவனங்கள் இணைந்தன, 2025 பிப்ரவரி 14 அன்று இரண்டு செயலிகளும் சேர்ந்து ஜியோஹாட்ஸ்டார் ஆயின. அதன்பின் முழு ஆட்டத்துக்குச் சந்தா வேண்டும். அமேசான் பிரைம் வீடியோ 2025 ஜூனில் கட்டணம் செலுத்துபவருக்கும் விளம்பரம் காட்டத் தொடங்கியது. கிரிக்கெட்டுக்காக மட்டும் பணம் கட்டுபவர் ஓராண்டுச் சந்தாவைத் தொடாமல் சீசனுக்கு மட்டும் எடுப்பதே புத்தி.

நான் அதிகம் கவலைப்படுவது ஆட்டோபேயைப் பற்றி, அதாவது ஒருமுறை அனுமதி கொடுத்தால் தானாகவே பணம் பிடிக்கும் வசதியைப் பற்றி. பவானி ஆற்றோரத்து ஊர் ஒன்றில், ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து, “தம்பி, உன் ரீசார்ஜ் பணம் மாதத்துக்கு இரண்டு முறை போகிறது” என்றார். பார்த்தால் என் கணக்கில் ஒருமுறைதான் வந்திருந்தது. மற்றது, போனில் நிமிடக் கணக்கில் ஓடுகிற குறுந்தொடர்ச் செயலி ஒன்றுக்குப் போயிருந்தது. 1 ரூபாய்க்குச் சோதனைச் சந்தா என்று கேட்டபோது யூபிஐ ரகசிய எண்ணைப் போட்டிருக்கிறார். இரண்டு நாளில் சலித்துப்போய்ச் செயலியை நீக்கியும்விட்டார். செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. அந்த 1 ரூபாயோடு அவர் கொடுத்த அனுமதி யூபிஐயில் அப்படியே உயிரோடு இருந்தது. ஓய்வூதியம் வந்த கையோடு மாதாமாதம் பணத்தை எடுத்துக்கொண்டது.

தொடர் பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அவருக்கும் குறுஞ்செய்தி வந்திருந்தது, ஆங்கிலத்தில். விளம்பரச் செய்திகளோடு அது கிடந்தது. 15,000 ரூபாய் வரையிலான தொடர் பிடித்தத்துக்கு ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. தேவையில்லை என்பதால் போன் வேறெதுவும் கேட்கவும் இல்லை. விதியில் குறையில்லை, ஆனால் அறுபது வயதைத் தாண்டிய, தமிழ் மட்டும் படிக்கிற ஒருவருக்கு அது எந்த விதத்தில் பாதுகாப்பு என்று எனக்கு விளங்கவில்லை.

செய்ய வேண்டியது எளிது. நீங்கள் பயன்படுத்தும் யூபிஐ செயலியில் ‘ஆட்டோபே’ அல்லது ‘மேண்டேட்’ என்ற பகுதியைத் திறந்தால் உயிரோடு இருக்கும் அனுமதிகள் எல்லாம் வரிசையாகத் தெரியும். வேண்டாததை அங்கேயே ரத்து செய்யலாம். பெரியவர் போனில் அப்படி மூன்று இருந்தன. மற்ற இரண்டும் பேரன் விடுமுறைக்கு வந்தபோது சேர்ந்தவை. கார்டு வழியே போவதை வங்கியின் செயலியிலோ கிளையிலோ நிறுத்தலாம். ப்ளே ஸ்டோர் வழியே எடுத்த சந்தாவுக்கு அதற்குள்ளேயே ‘சப்ஸ்கிரிப்ஷன்’ பக்கம் தனியாக உண்டு.

சேர்வது ஒரே தட்டில், விலகுவது பத்துப் பக்கத்துக்குள் என்று வைத்திருந்தால் அது சட்டப்படியே தவறு. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைத் தடைசெய்கின்றன. சந்தாப் பொறி அதில் ஒன்று. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். தயவுசெய்து கூகுளில் தேடி முதலில் வரும் ‘கஸ்டமர் கேர்’ எண்ணுக்கு அழைக்காதீர்கள். பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று சொல்லித் திரையைப் பகிரும் செயலியை ஏற்றச் சொல்வார்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள்.

என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் இன்னொரு கேள்வி: “நாங்கள் என்ன பார்க்கிறோம் என்று உனக்குத் தெரியுமா?” தெரியாது. சாதாரண கேபிள் பாக்ஸ் ஒருவழிப் பாதை. எங்களிடமிருந்து படம் வரும், உங்களிடமிருந்து எதுவும் திரும்பாது. டி.ஆர்.பி.யைக் கணக்கிடுவது பார்க் என்ற அமைப்பு, மாதிரியாகத் தேர்ந்தெடுத்த வீடுகளில் மீட்டர் வைத்து. ஓ.டி.டி. அப்படியல்ல. எந்த இடத்தில் நிறுத்தினீர்கள், எதைத் தள்ளிவிட்டுப் பார்த்தீர்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். அடுத்து எதைக் காட்டினால் இருப்பீர்கள் என்பதும் தெரியும். குழந்தைகளுக்கென்று தனி புரொஃபைல் வைத்து, வாங்கும் வசதிக்கு ரகசிய எண் போட்டுவிடுங்கள்.

கேபிளை நிறுத்த நினைப்பவர்களுக்கு ஒன்று. பாக்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போது ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், என்னிடமானாலும். பிள்ளைகள் வீட்டுக்கு ஓரிரு மாதம் போகிறீர்கள் என்றால் இணைப்பைத் துண்டிக்கவே வேண்டாம். மாதக் கணக்கில் தற்காலிகமாக நிறுத்திவைக்கக் கோர ட்ராய் விதியில் இடமிருக்கிறது. ஊருக்குக் கிளம்பும் அன்று சொல்லாமல், பதினைந்து நாளாவது முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.