கொலாஞ்சியோபாங்க்ரியட்டாகிரஃபி: சீர் பிரித்துப் படிக்க

அம்மாவுக்கு எழுதிக்கொடுத்த ஸ்கேன் சீட்டைப் படமெடுத்து அனுப்பி, "இவ்வளவு நீளமான பெயர் என்றால் பெரிய வியாதியா சார்?" என்று கேட்டிருந்தார் ஒரு வாசகி. சீட்டில் இருந்தது மேக்னடிக் ரெசொனன்ஸ் கொலாஞ்சியோபாங்க்ரியட்டாகிரஃபி. பெயரின் நீளத்துக்கும் நோயின் கடுமைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சாதாரண ஜலதோஷத்துக்கு மருத்துவப் பெயர் நாசோஃபாரிஞ்சைட்டிஸ். இதையெல்லாம் ஒரு வரி விளக்கத்தோடு அச்சிட்டுக் கொடுத்தால் பாதிப் பயம் போய்விடும். ஏனோ யாரும் செய்வதில்லை.

முதல் இரண்டு சொற்கள் எம்.ஆர்.ஐ. ஸ்கேனைக் குறிப்பவை, விடுங்கள். மூன்றாவதுதான் விருந்து. அது முழுக்க கிரேக்கம். 'கொலெ' பித்தம், 'ஆஞ்சியோ' நாளம், 'பான்' எல்லாம், 'கிரியாஸ்' சதை. அதாவது முழுக்கச் சதையான உறுப்பு, நம் கணையம். 'கிராஃபி' என்றால் வரைதல். ஆக, பித்தநாளத்தையும் கணையத்தின் நாளத்தையும் படமாக வரைவது. நீண்ட பெயரை வாலிலிருந்து படித்தால் வேலை எளிது. 'கிராஃபி' என்றால் படமெடுக்கும் முறை, 'கிராம்' என்றால் கிடைத்த படம்.

இவற்றை ஒட்டும் பசையைப் பாருங்கள். நாம் மணி + அடித்தான் என்பதில் இரண்டு உயிர்கள் மோதாமல் நடுவே யகர மெய்யை வைக்கிறோம். கிரேக்கம் தலைகீழ். 'பாங்க்ரியட்', 'கிராஃபி' என இரண்டு மெய்கள் மோதும் இடத்தில் ஓர் 'ஓ' உயிரைச் செருகுகிறது. 'கொலெ'வை அடுத்து 'ஆஞ்சியோ' வந்தாலோ, வீடு + இல்லை 'வீடில்லை' ஆவதுபோல, முந்தைய உயிர் ஓடிவிடுகிறது.

உச்சரிப்பில்தான் வேடிக்கை. பொருள்படி வெட்டினால் 'பாங்க்ரியட்டோ / கிராஃபி'. ஆனால் ஆங்கில வாய் அழுத்தத்தைக் கடைசியிலிருந்து மூன்றாம் அசையில் போடுகிறது. அங்கே செருகிய அந்த 'ஓ' உட்கார்ந்திருக்கிறது! வெறும் பசையாக வந்தது, சொல்லிலேயே உரத்த ஒலியாகிவிடுகிறது. பக்கத்துக் ககரத்தையும் தன் பக்கம் இழுத்து 'டாக் / ரஃபி' என்று உடைகிறது. யாப்பு படித்தவர்களுக்கு இது புதிதல்ல. பொருள் ஒரு பக்கம் நிற்க, ஓசைக்காகச் சொல்லை வேறிடத்தில் பிளப்பதை நாம் வகையுளி என்போம். ஃபோட்டோகிராஃப் என்பவர்களே ஃபொட்டாக்ரஃபி என்று மாறுவதும் இதனால்தான்.

கொ-லாஞ்-சி-யோ-பாங்க்-ரி-ய-டாக்-ர-ஃபி. 'டாக்'கில் மட்டும் ஊன்றுங்கள். ஸ்கேன் அறையில் கூப்பிடுபவர் என்னவோ இதைச் சுருக்கி "எம்.ஆர்.சி.பி. யாருங்க?" என்றுதான் கேட்பார்.