சொல் தெரிந்தும் வாய்க்கு வராத பிள்ளை: பேச்சு அப்ராக்சியாவுக்கு எந்தப் பயிற்சி?

'காவேரி' என்று ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். நாக்கின் பின்பகுதி மேலண்ணத்தைத் தொட்டு விலகுகிறது. கீழுதடு மேற்பற்களை நெருங்குகிறது. அப்புறம் நாக்கு நுனி எழும்பி ஒரு தட்டு தட்டுகிறது. இதற்குள் குரல்நாண்கள் எப்போது அதிர வேண்டும், 'கா' எவ்வளவு நீள வேண்டும் என்பதும் முடிவாகியிருக்க வேண்டும். மூளை இந்த அசைவுகளை முன்கூட்டியே வரிசைப்படுத்திக் கொடுப்பதால்தான் நாம் யோசிக்காமல் பேசுகிறோம். அந்த வரிசைப்படுத்தலில் ஏற்படும் குறைதான் குழந்தைப் பருவப் பேச்சு அப்ராக்சியா.

இந்தப் பிள்ளைகளுக்கு நாக்கில் வலுக் குறைவு இல்லை, முறுக்கைக் கடித்துத் தின்பார்கள். நாம் சொல்வதும் பெரும்பாலும் நன்றாகவே புரியும். அதனால்தான் "வேணும்னே பேசமாட்டேங்குறான்" என்ற பழி அவர்கள் மேல் விழுகிறது. அது அநியாயம். ஆயிரத்தில் ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கு இது இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. பலருக்குக் காரணம் தெரிவதில்லை. சில குடும்பங்களில் மரபணு மாற்றம் காரணம். லண்டன் குடும்பம் ஒன்றை ஆராய்ந்தபோது ஃபாக்ஸ்பி2 என்ற மரபணுவின் பங்கு 2001இல் தெரியவந்தது.

டெல்டாவில் பேச்சு தாமதமானால் கூத்தனூர் சரஸ்வதியிடம் வேண்டிக்கொள்வார்கள், நாக்கில் வசம்பு தேய்ப்பார்கள், "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று ஆறுதல் சொல்வார்கள். வேண்டுதல் அவரவர் நம்பிக்கை. ஆனால் வசம்பு தேய்த்து அசைவு வரிசை சீராகாது. நாக்கு ஒட்டியிருக்கிறது, அறுத்துவிட்டால் பேசிவிடும் என்பதும் இந்தக் குறைக்குப் பொருந்தாது. முதலில் செய்ய வேண்டியது காது கேட்கும் திறனைச் சோதிப்பது. அதைத் தள்ளிப்போடவே கூடாது.

அடுத்து, இது அப்ராக்சியாதானா என்று பார்க்க வேண்டும். 'தக்காளி'யை எப்போதும் 'தத்தாளி' என்றே சொல்லும் பிள்ளைக்கு இருப்பது வேறு சிக்கல், அதற்கான பயிற்சியும் வேறு. அப்ராக்சியா உள்ள பிள்ளை 'தஞ்சாவூர்' என்று மூன்று முறை சொன்னால் மூன்றும் வேறு வேறாக வரும். சொல் நீள நீளத் தடுமாற்றம் கூடும். அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம் 2007இல் மூன்று அடையாளங்களை முன்வைத்தது: ஒரே சொல்லைத் திரும்பச் சொல்லும்போது மாறி மாறி வரும் பிழை, ஓர் ஒலியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது இழுவையோ அறுபடலோ, பொருந்தாத ஓசை நயம் (குறிப்பாக அசைகளை அழுத்திச் சொல்வதில்). தமிழில் எந்த அசையை அழுத்துகிறோம் என்பது பொருளை மாற்றாது; குறில் நெடில் மாற்றிவிடும். ஆகவே 'படம்', 'பாடம்' இரண்டுக்கும் வேறுபாடு வருகிறதா, 'தஞ்-சா-வூர்' என்று துண்டு துண்டாகச் சொல்கிறதா என்று கவனிக்கலாம். மூன்று வயதுக்கு முன் உறுதியாகச் சொல்வது கடினம். சந்தேகம் இருந்தாலே பயிற்சியைத் தொடங்கிவிடலாம்.

சரி, எந்தப் பயிற்சி? என் பார்வையில் பெற்றோர் பிடித்துக்கொள்ள வேண்டிய அளவுகோல் ஒன்றுதான்: அரை மணி நேரப் பயிற்சியில் பிள்ளை எத்தனை முறை வாய் திறந்து சொல்லைச் சொல்கிறது? பலூன் ஊதுவது, விசில் அடிப்பது, நாக்கை நீட்டி மடக்குவது ஆகியவை பேச்சை மேம்படுத்துவதாகச் சான்று இல்லை. ஊதுவதற்கான அசைவுத் திட்டம் வேறு, பேசுவதற்கானது வேறு. இருந்தும் பல இடங்களில் பயிற்சி நேரம் இதிலேயே கரைகிறது.

எடித் ஸ்ட்ராண்ட் என்ற அமெரிக்கப் பேச்சுப் பயிற்சி வல்லுநர் வகுத்த டிடிடிசி (சேர்ந்து சொல்லியும் தொட்டும் வழிகாட்டும்) முறை, நம் பக்கத்தில் மிருதங்கம் சொல்லிக்கொடுப்பதை ஒத்தது. குரு 'தகதிமி'யை விளம்ப காலத்தில் சீடனோடு சேர்ந்தே சொல்வார். பிடிபட்ட பின் தன் குரலை விலக்கிக்கொள்வார். பிறகே காலம் கூடும். இங்கும் பிள்ளை பயிற்சியாளரின் முகத்தைப் பார்த்தபடி, இருவரும் 'வேணாம்' என்று மெதுவாகச் சேர்ந்து சொல்வார்கள். தேவைப்பட்டால் அவர் பிள்ளையின் தாடையைத் தொட்டு வழிகாட்டுவார். அப்புறம் குரல் இல்லாமல் வாயசைப்பு மட்டும். பிறகு பிள்ளை கேட்டவுடன் தனியே சொல்லும், சற்று இடைவெளி விட்டுச் சொல்லும், கடைசியில் கேள்விக்குப் பதிலாகச் சொல்லும். தடுமாறினால் உடனே ஒரு படி இறங்குவார்கள். தொடக்கத்தில் "உதட்டை மூடு" என்று அடிக்கடி திருத்துவார்கள். போகப் போகத் திருத்தம் குறையும், பிள்ளை தன் பிழையைத் தானே உணர வேண்டும் என்பதற்காக.

சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு சிட்னி பல்கலைக்கழகத்தில் உருவான, அசைக்கு அசை சீராகத் தாவப் பழக்கும் ரெஸ்ட் முறையும், லண்டனில் பிறந்த, ஒற்றை ஒலியிலிருந்து படிப்படியாகச் சொல்லுக்குப் போகும் நஃபீல்ட் முறையும் உண்டு. 4 முதல் 12 வயதுள்ள 26 பிள்ளைகளிடம் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2015இல் வெளியானது. வாரத்துக்கு 4 நாள், தினம் ஒரு மணி நேரம், 3 வாரம். இரு குழுக்களும் முன்னேறின. ரெஸ்ட் ஆங்கில அழுத்தத்தை வைத்து அமைந்தது. தமிழுக்கு அப்படியே எடுத்தால் பொருந்தாது. தமிழில் பழகும் சொற்கள் பிள்ளையின் வீட்டிலிருந்து வர வேண்டும்: 'வா', 'தா', 'போ', 'இன்னும்', தம்பியின் பெயர்.

வாரம் ஒருமுறை கும்பகோணத்துக்கோ தஞ்சைக்கோ பஸ் ஏறிப் போய்வருவதால் மட்டும் பெரிய பலன் கிடைப்பது அரிது. தொடக்கத்தில் வாரத்துக்கு 3 முதல் 5 முறை தனிப் பயிற்சி நல்லது. அது முடியாத குடும்பங்களே அதிகம். அப்போது நடுவே வீடியோ அழைப்பில் பயிற்சி கேட்கலாம். வீட்டில் குளிக்கும்போது, சாப்பிடும்போது என்று ஐந்தைந்து நிமிடம் போதும், ஆனால் தினமும் வேண்டும். எந்தச் சொல், எந்தப் படி என்று பயிற்சியாளரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்கத் தயங்க வேண்டாம். அரசுப் பக்கம், தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம் உண்டு. அரசு மருத்துவமனையிலோ அங்கன்வாடியிலோ வழி கேட்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்தையும் அணுகலாம்.

பேச்சு வரும்வரை பிள்ளை வாயடைத்துக் காத்திருக்க வேண்டியதில்லை. சைகையும் படப் பலகையும் பழகினால் பேச்சு நின்றுவிடும் என்ற பயம் ஆதாரமற்றது. பசியையும் வலியையும் சொல்ல வழி கிடைத்த பிள்ளையின் கோபம் குறைகிறது, பயிற்சியில் உட்காரவும் முடிகிறது. வகுப்பு ஆசிரியரிடமும் பேசிவிடுங்கள்: எல்லார் முன்னும் எழுப்பி ஒப்பிக்கச் சொல்லாமல், படத்தைக் காட்டியோ எழுதியோ பதில் சொல்ல விடட்டும்.