'ஸ்டார் பிட் ஒன்று தாருங்கள்' என்றால் போதாது

கடந்த மாதம் பரந்தனில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். முதிரைக் கதவு. துருப்பிடித்த பிணைச்சலை மாற்ற வேண்டும். அதற்கு முன்பே வீட்டுப் பிள்ளை ட்ரில்லை வைத்துக் கழற்றப் பார்த்திருக்கிறான். நான்கு திருகாணிகளின் தலை தேய்ந்து, சிலுவைக் குழி கிண்ணம்போல வழுவழுத்துக் கிடந்தது.

"தரமில்லாத ஆணியைத் தலையில் கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது, தம்பி" என்றார் அந்த அம்மா.

ட்ரில்லில் இருந்த பிட்டை, அதாவது ஆணியைத் திருப்பும் முனைத் துண்டை, கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். பக்கவாட்டில் பி.எச். 1 என்று பொறித்திருந்தது. பி.எச். என்பது பிலிப்ஸ் வகை, எண் அதன் அளவு. அந்த ஆணிக்கு வேண்டியது அதைவிடப் பெரிய பி.எச். 2. "ஆணியில் பிழையில்லை அம்மா" என்றேன். மகனின் முகம் வாடிவிட்டது. அவனிலும் பிழையில்லை. கடையில் 'ஸ்டார் பிட்' என்று கேட்டான். கையில் கிடைத்ததைக் கொடுத்துவிட்டார்கள்.

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு கிளிநொச்சியில் தச்சுப் பட்டறை போட்ட நாளிலிருந்து இதைத்தான் பார்த்து வருகிறேன். நாம் 'ஸ்டார்' என்று ஒரே பெயரில் அழைப்பவை உண்மையில் வேறு வேறு சாதி. சாதாரணச் சிலுவைத் தலை பிலிப்ஸ் வகை. அமெரிக்கரான ஹென்றி பிலிப்ஸ் 1936 இல் காப்புரிமை பெற்றது. பிட் தானாகவே நடுவில் போய் உட்காரும் என்பது அதன் சிறப்பு. ஆனால் குழியின் சுவர்கள் சரிவானவை. முறுக்கு ஏற ஏற, பிட் மேலே ஏறி வெளியே வழுக்கப் பார்க்கும். அதனால்தான் சுற்றுவதைவிட அழுத்துவதில் கூடுதல் பலம் வேண்டும்.

பொசிட்ரைவ் பார்வைக்கு இதன் உடன்பிறப்பு. சிலுவைக்கு இடையே, ஆணியின் தலையில் நான்கு மெல்லிய கீற்றுகள் தெரிந்தால் அது பொசிட்ரைவ், பிட்டில் பி.இசட். என்றிருக்கும். அலுமாரிக் கதவுப் பிணைச்சல்களோடு வரும் ஆணிகள் பல இந்த வகைதான். அதில் பி.எச். பிட்டைப் போட்டால் உட்காருவதுபோல உட்கார்ந்து ஆடும். உண்மையிலேயே நட்சத்திர வடிவம் உள்ளது ஆறு முனை டொர்க்ஸ். டி 20, டி 25 என்று எண்ணிடுவார்கள். அது இலகுவில் வழுக்காது. விலை சற்றுக் கூடினாலும் நல்ல மரவேலைக்கு நான் அதையே வாங்கச் சொல்வேன்.

மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். நம் பக்கத்தில் இன்னும் ஓடுகிற எம்.டி. 90 போன்ற ஜப்பான் வண்டிகளில் இருப்பது ஜப்பானியத் தர நிர்ணயப்படி செய்த சிலுவைத் தலை. சில ஆணிகளின் தலையில் ஒரு சிறு புள்ளி இருக்கும், அதுதான் அடையாளம். பிலிப்ஸ் பிட் அதன் அடிவரை இறங்காது. கார்புரேட்டர் ஆணிகள் தேய்ந்துபோவதற்கு இது பெரிய காரணம்.

சரியான பிட்டை அறிய ட்ரில் தேவையில்லை. பிட்டை விரலால் பிடித்து ஆணித் தலையில் வைத்து மெதுவாக இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் எண் சிறிது. உள்ளே இறங்காமல் மேலே நின்றால் எண் பெரிது. பொருந்திய பிட் அசையாது. முனை மழுங்கி மினுங்கும் பிட்டைத் தயவுசெய்து எறிந்துவிடுங்கள். அதைக் காப்பாற்ற நினைத்தால் ஆணிகளை இழப்பீர்கள்.

மரத்தையும் பார்க்க வேண்டும். முதிரையும் பாலையும் இரும்புக்குச் சவால் விடும் மரங்கள். துளையிடாமல் ஆணியை இறக்கினால் தலை போகும், அல்லது கழுத்து முறியும். 4 மில்லிமீற்றர் ஆணிக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் துளை போடுங்கள். ஆணியின் புரியில் மெழுகுதிரியைத் தேய்த்துவிடுங்கள். சவர்க்காரம் வேண்டாம், அது ஈரத்தை இழுத்து ஆணியைத் துருப்பிடிக்க வைக்கும். பித்தளை ஆணி போடுவதானால், அதே அளவு இரும்பு ஆணியை முதலில் ஒருமுறை இறக்கி எடுத்துவிட்டுப் போடுங்கள்.

தகரக் கூரை ஆணிக்கு, தலையை வெளியிலிருந்து கவ்விப் பிடிக்கும் 8 மில்லிமீற்றர் சொக்கெட் பிட். அதன் காந்தத்தில் இரும்புத் தூள் ஒட்டிக்கொண்டால் ஆணியின் தலை முழுதாக உள்ளே போகாது. பத்து ஆணிக்கு ஒருமுறை துடைத்துவிடுங்கள். றப்பர் வளையம் சற்று அமுங்கினால் போதும். பிதுங்கும்வரை இறுக்கினால் வெயிலில் வெடித்து, மாரி மழைக்கு அந்த இடமே ஒழுகும்.

இம்பாக்ட் ட்ரைவர், அதாவது தட்டித் தட்டித் திருகும் இயந்திரம், வாங்கியவர்கள் அதற்கென்று செய்த, முறுக்கைத் தாங்கும் பிட்டையே போடுங்கள். என்னோடு வேலை செய்த பையன் ஒருவன் சாதாரண பிட்டைப் போட்டான். முனை முறிந்து தெறித்துப் புருவத்தைக் கிழித்தது. கீழே அரை அங்குலத்தில் கண். அன்று முதல் பட்டறையில் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் யாரும் ட்ரில்லைத் தொட விடுவதில்லை. மின்சுவிட்ச் கழற்றுவதாக இருந்தால் முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். பிட் முழுவதும் வெறும் உலோகம். 230 வோல்ட்டைத் தடுக்க அதில் எதுவும் இல்லை.

பரந்தன் கதவுக்கு வருகிறேன். சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி ஆணித் தலைமேல் வைத்து, புதிய பி.எச். 2 பிட்டைக் கை ட்ரைவரில் போட்டு, உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து மெதுவாகத் திருப்பினேன். இரண்டு வந்தன. மூன்றாவதற்கு இரும்பறுக்கும் வாளால் தலையில் ஒரு கோடு கீறி, தட்டை முனை பிட்டால் எடுத்தேன். நான்காவதின் தலையைத் துளைத்தே நீக்க வேண்டியிருந்தது. மிச்ச ஆணியை இடுக்கியால் பிடுங்கி, அந்த ஓட்டையில் முதிரைக் குச்சியைப் பசை தடவி அடித்து இறுக்கினேன். புதிய பிணைச்சலின் கடைசி ஆணியை இறக்க ட்ரைவரை அந்தப் பிள்ளையிடம் கொடுத்தேன். முதலில் பிட்டை ஆணித் தலையில் வைத்து அசைத்துப் பார்த்தான்.