சத்து மாத்திரை தின்றும் ஏறாத ரத்தம்

கடலூர், பண்ருட்டி, பாகூர் பக்கத்திலிருந்து புதுச்சேரிக்கு வரும் கர்ப்பிணிகளின் ரத்த ரிப்போர்ட்டைப் பார்ப்பது என் அன்றாட வேலை. ரத்தசோகை இல்லாத ரிப்போர்ட் வந்தால்தான் ஆச்சரியம். காரணம் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் ஏறிவிடும். ஆனால் அவ்வப்போது வேறு மாதிரி ஒன்று வரும். ஹீமோகுளோபின் 10.8, எம்.சி.வி. 64, சிவப்பணு எண்ணிக்கை 56 லட்சம். மாதக்கணக்கில் மாத்திரை போகிறது, எண் அசையவே இல்லை. "ஒழுங்கா சாப்பிட மாட்டேங்குற" என்று அந்தப் பெண்ணுக்கு டாக்டரிடமும் திட்டு, மாமியாரிடமும் திட்டு.

அந்த எண்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். எம்.சி.வி. என்பது ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமன். 80-க்குக் கீழே இறங்கினால் அணு சிறுத்திருக்கிறது என்று பொருள். இரும்பு போதாதபோது அணுவும் சிறுக்கும், எண்ணிக்கையும் பொதுவாகக் குறையும். இங்கே அணு சிறுத்திருக்கிறது, எண்ணிக்கையோ கூடியிருக்கிறது. எம்.சி.வி. 64-ஐ 5.6-ஆல் (56 லட்சம் என்பது 5.6 மில்லியன்) வகுத்தால் 11.4 வரும். 13-க்குக் கீழே வந்தால் தலசீமியா கேரியரா என்று சந்தேகிக்கச் சொல்கிறது, மென்ட்சர் என்ற மருத்துவர் 1973-ல் தந்த கணக்கு. தலசீமியா என்பது ஹீமோகுளோபின் போதிய அளவு உருவாகாத பரம்பரை நோய். நோய் இல்லாமல் அதன் மரபணு மாற்றத்தை மட்டும் சுமப்பவர் கேரியர். மென்ட்சர் கணக்கு முடிவு சொல்லாது. அடுத்த சோதனைக்கு அனுப்பும், அவ்வளவுதான்.

அந்தச் சோதனை எதைத் தேடுகிறது என்பதற்கு குளோபின் என்ற புரதக் குடும்பத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஹீமோகுளோபினில் நான்கு குளோபின் சங்கிலிகள் உண்டு: இரண்டு ஆல்பா, இரண்டு பீட்டா. ஆல்பாவுக்கான மரபணுக்கள் 16-ஆம் குரோமோசோமில், பீட்டாவுக்கானது 11-இல். தசையில் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபினும் இதே குடும்பம். மயோகுளோபினின் வடிவத்தைக் கென்ட்ருவும் ஹீமோகுளோபினின் வடிவத்தைப் பெரூட்சும் கண்டறிந்து 1962-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்கள். இரண்டு புரதங்களின் அமினோ அமில எழுத்து வரிசையில் ஏறத்தாழ கால் பங்குதான் ஒத்துப்போகிறது, மடிப்போ கிட்டத்தட்ட ஒன்றே. எழுத்து மாறினாலும் மடிப்பு நிற்பதை வைத்துத்தான் புரதங்களின் தூரத்து உறவைக்கூடக் கண்டுபிடிக்கிறார்கள். நம் விருத்தாசலம் பக்கத்து மல்லாட்டை (வேர்க்கடலை) செடியைப் பிடுங்கி, வேரில் இருக்கும் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அதுவும் ஒரு குளோபின்தான், லெக்ஹீமோகுளோபின். காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். முடிச்சுக்குள் வாழும் பாக்டீரியாவுக்கு மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும், ஆனால் அந்த நொதியைக் கெடுக்கும் அளவுக்கு அது சேர்ந்துவிடக் கூடாது. அந்த அளவைக் காப்பது இந்தச் செடி ரத்தத்தின் வேலை.

சரி, விஷயத்துக்கு வருவோம். நம் உடம்பில் ஏறக்குறைய எல்லா செல்லிலும் பீட்டா குளோபின் மரபணு இருக்கிறது. ஆனால் அது ஓயாமல் வேலை செய்வது எலும்பு மஜ்ஜையில் உருவாகும் சிவப்பணுவில்தான். எந்த மரபணு எங்கே, எப்போது, எவ்வளவு இயங்குகிறது என்பதைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறோம். 11-ஆம் குரோமோசோமில் எப்சிலான், இரண்டு காமா, டெல்டா, பீட்டா என்று மரபணுக்கள் வரிசையாக நிற்கின்றன. கரு உருவான புதிதில் எப்சிலான். பிறகு வயிற்றில் இருக்கும் காலம் முழுக்க முக்கியமாகக் காமா. பிறப்பை ஒட்டி காமா அடங்கி, பீட்டா எழும்புகிறது.

அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பீட்டா குறையைப் பெற்ற குழந்தைக்கு வரும் கடும் நோய்தான் தலசீமியா மேஜர். அந்தக் குழந்தை பிறக்கும்போது நன்றாக இருப்பதற்குக் காரணம் இதுதான். காமா ஓடும்வரை பீட்டாவில் இருக்கும் குறை வெளியே தெரியாது. ஆறு மாதம் வாக்கில் காமா வற்றும்போது பிள்ளை வெளுக்க ஆரம்பிக்கும். "கொழு கொழுன்னு பொறந்த புள்ளைக்குக் கண்ணு பட்டுடுச்சு", "பல்லு மொளைக்குது" என்று வீட்டில் சில வாரங்கள் கழியும். அப்புறம் ஆஸ்பத்திரி. அதன்பின் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய ரத்தத்தால் உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்றத் தனி மருந்து வேண்டும்.

அப்பா, அம்மா இருவரும் கேரியராக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு இந்த வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராது என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. அப்படி இல்லை, ஒவ்வொரு முறையும் கணக்கு புதிதாகத்தான் தொடங்குகிறது. தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டும்போது இருவரிடமும் ஒரே மாற்றம் இருக்க வாய்ப்பு கூடும். சொந்தம் இல்லாவிட்டால் கவலை இல்லை என்றும் சொல்ல முடியாது. இந்தியாவில் நூற்றுக்கு 3 முதல் 4 பேர் பீட்டா தலசீமியா கேரியர்கள் என்பது தேசிய சுகாதார இயக்கத்தின் 2016 வழிகாட்டி தரும் மதிப்பீடு. சமூகத்துக்குச் சமூகம் அது மாறும்.

காமா ஏன் அடங்குகிறது என்ற கேள்விக்கு விடை மரபணுத்தொகுதி ஆய்விலிருந்துதான் வந்தது. பெரியவர்களான பின்னும் சிலருக்குக் காமா குளோபின் நிறைய இருக்கும். அப்படிப்பட்டவர்களின் டி.என்.ஏ.வை மற்றவர்களுடையதோடு ஒப்பிட்டபோது, 2007, 2008 ஆண்டுகளில் பிசிஎல்11ஏ என்ற மரபணு கண்ணில் பட்டது. அது செய்யும் புரதம் துத்தநாக விரல் குடும்பத்தைச் சேர்ந்தது. டி.என்.ஏ.வைப் பற்றிக்கொண்டு மற்ற மரபணுக்களை அடக்கவோ எழுப்பவோ செய்யும் பெரிய குடும்பம் அது. காமாவை அடக்குவது இந்தப் புரதம்தான். ஆனால் மூளை வளர்ச்சிக்கும் வேறு ரத்த அணுக்களுக்கும் அது தேவை, அதனால் அடியோடு அழிக்க முடியாது. சிவப்பணு வரிசையில் மட்டும் அதை இயக்கும் ஒரு சிறு டி.என்.ஏ. துண்டை 2013-ல் கண்டுபிடித்தார்கள். அந்த இடத்தில், டி.என்.ஏ.வைக் குறிபார்த்து வெட்டும் கருவியான கிரிஸ்பரால் வெட்டினால் போதும், காமா மறுபடி எழும்பும். பீட்டாவின் குறையை இது தொடுவதே இல்லை. பிரதான வாய்க்கால் தூர்ந்துபோனால், மூடிக்கிடந்த பழைய வாய்க்காலின் மதகைத் திறந்துவிடுவார்களே வீராணம் ஆயக்கட்டில், அந்த மாதிரி.

இந்த முறையில் வந்த கேஸ்ஜெவி சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதி தந்தது. அமெரிக்கா அடுத்த மாதம், ஹீமோகுளோபினின் இன்னொரு பரம்பரை நோயான அரிவாள் அணு நோய்க்கும், 2024 ஜனவரியில் தலசீமியாவுக்கும் தந்தது. "ஒரே ஊசியில் தலசீமியா குணம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது இதைப் பற்றித்தான். ஒரே ஊசி இல்லை. நோயாளியின் ரத்த மூல செல்களை எடுத்து, ஆய்வகத்தில் திருத்தி, மஜ்ஜையைக் கடும் கீமோ மருந்தால் காலி செய்து, பிறகு திருப்பிச் செலுத்த வேண்டும். அந்தக் கீமோவால் பிள்ளைப்பேறு பாதிக்கப்படலாம். அப்போது அனுமதி தந்தது 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குத்தான். அமெரிக்காவில் 2023-ல் அறிவித்த விலை 22 லட்சம் டாலர். பொருத்தமான உடன்பிறப்பு கிடைத்தால் மஜ்ஜை மாற்று சிகிச்சை நம் பக்கமே, வேலூரிலேயே நடக்கிறது. அந்த வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில்தான் ரத்தம் சரியாக உறையாத ஹீமோபீலியா நோய்க்கான மரபணு சிகிச்சை ஐந்து பேருக்குச் செய்யப்பட்டு, முடிவுகள் 2024 டிசம்பரில் வெளிவந்தன. எனக்கு இதிலெல்லாம் சந்தோஷம்தான். ஆனால் பாகூரிலிருந்து வரும் எட்டு வாரக் கர்ப்பிணிக்கு இன்றைக்கு வேண்டியது எச்.பி.எல்.சி. என்ற ஒரு ரத்தப் பரிசோதனை.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் பெரிய லேபுகளிலும் அது உண்டு. ஹீமோகுளோபினின் வகைகளைப் பிரித்துக் காட்டும். ஏ2 என்ற வகை 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பீட்டா தலசீமியா கேரியர் என்று எடுத்துக்கொள்கிறோம். அரிவாள் அணு வகையையும் இதிலேயே பார்க்கலாம். இந்தியாவில் அது முதலில் பதிவானது 1952-ல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் ஏ2 கொஞ்சம் இறங்கிக் காட்டலாம், எனவே விளிம்பில் நிற்கும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. ஆல்பா தலசீமியா கேரியராக இருந்தால் ஏ2 உயராது, அதற்கு டி.என்.ஏ. சோதனைதான். கேரியர் என்று தெரிந்ததும் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கேரியருக்கும் இரும்பு குறையும். உடம்பில் இருக்கும் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனையைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும்.

மனைவி கேரியர் என்றால் கணவரின் ரத்தத்தையும் உடனே பார்க்க வேண்டும். இங்கேதான் சிக்கல். "எனக்கு என்ன கொறை?" என்று கிளம்பிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கேரியராக இருப்பது நோயும் இல்லை, குறையும் இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் சரிசமமாக வருவது. கணவரின் ரிப்போர்ட் இயல்பாக வந்தால் பிள்ளைக்குத் தலசீமியா மேஜர் பயம் பெரும்பாலும் விலகிவிடும். இருவருமே கேரியர் என்றால் 11 வாரத்துக்கு மேல் நஞ்சுக்கொடித் திசுவிலும், 15 வாரத்துக்கு மேல் பனிக்குட நீரிலும் கருவைச் சோதிக்க வழி இருக்கிறது. அதனால்தான் எட்டாவது வாரத்திலேயே கேட்கிறோம். ஐந்தாம் மாத ஸ்கேனோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் யோசிக்கவே நேரம் இருக்காது.

இன்னும் இரண்டு விஷயம். ரத்தம் ஏற்றிய பிறகு இந்தச் சோதனை எடுத்தால் கொடுத்தவரின் ரத்தமும் சேர்ந்து முடிவைக் குழப்பும், மூன்று மாதமாவது பொறுக்க வேண்டியிருக்கும். ஏற்றுவதற்கு முன்பே சாம்பிள் எடுத்துவிடச் சொல்லுங்கள். கேரியர் என்று ஒருவருக்கு வந்தால் கூடப் பிறந்த ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள் என்றால் அவளுக்கும் இப்போதே ஒரு எச்.பி.எல்.சி. பார்த்துவிடலாம்.