சக்கரக் குடத்துக்குள் ஒரு பகை

மே மாதம் ஏற்காட்டிலிருந்து இறங்கி, சேலம், தர்மபுரி வழியாகப் பெங்களூரு திரும்பிக்கொண்டிருந்தோம். ஓசூருக்கு முன்னால் டீ குடிக்க நிறுத்தியபோது என் மகள்தான் முதலில் மூக்கைச் சுளித்தாள். காரின் பின்னால் இழுத்துவந்த சிறிய பயண டிரெய்லரின் இடது சக்கரத்திலிருந்து கருகிய எண்ணெய் நாற்றம் வந்துகொண்டிருந்தது. வலது சக்கரத்தின் நடுவே கை வைத்தால் வெதுவெதுப்பு. இடது சக்கரத்துக்கு அருகில் கையைக் கொண்டுபோகவே முடியவில்லை. அதற்கு முன் ஏழு மாதம் அந்த டிரெய்லர் அல்சூரில் எங்கள் வீட்டு வாசலில் அசையாமல் நின்றிருந்தது. ஓடாத வண்டி எங்கே தேயப்போகிறது என்று நம்பித்தான் கிளம்பியிருந்தோம்.

மாட்டுவண்டிச் சக்கரத்தில் ஆரக்கால்கள் எல்லாம் வந்து சேரும் நடுக்கட்டைக்குக் குடம் என்று பெயர். பட்டறையில் அதை ஹப் என்கிறார்கள். டிரெய்லரின் குடத்தில் இரண்டு பொருள்கள் குடியிருக்கின்றன. பேரிங் உராய்வை விரட்டுவதற்காக இருப்பது. பிரேக் உராய்வையே தின்று வாழ்வது. இரண்டுக்கும் நடுவே சில சென்டிமீட்டர் இடைவெளிதான். பிரேக்கின் சூடு கூடினால் பேரிங்கில் உள்ள கிரீஸ் இளகி ஓடும். அந்த கிரீஸ் கசிந்து, பிரேக்கில் உராயும் பட்டையான லைனிங்கில் பட்டால் பிரேக்கின் பிடி போய்விடும். காவலுக்கு நடுவில் இருப்பது ரப்பர் உதடு கொண்ட ஓர் ஆயில் சீல். சில நூறு ரூபாய்கூட ஆகாத அந்த வளையத்தைக் குடத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாக மாற்றிவிட வேண்டும் என்பதில் எனக்குச் சமரசமே கிடையாது.

கலாசிப்பாளையத்தில் ஒரு சந்துக்குள் கிருஷ்ணகிரிக்காரர் ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். மறுநாள் அவரிடம் வண்டியைக் கொண்டுபோனோம். அச்சாணியின் பேரப்பிள்ளையான காட்டர் பின்னை நிமிர்த்தி உருவினார். நட்டைக் கழற்றினார். குடம் வெளியே வந்தது. ஒவ்வொரு குடத்திலும் இரண்டு டேப்பர் பேரிங்குகள் உண்டு. உள்பக்கம் பெரியது, வெளிப்பக்கம் சிறியது. கூம்பு வடிவ உருளைகள் கோன் என்னும் உள்வளையத்தைச் சுற்றி நின்று, கப் என்னும் வெளிவளையத்துக்குள் உருளும். ஹென்றி டிம்கன் 1898இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. உருளைகள் சாய்ந்து நிற்பதால் மேலிருந்து அழுத்தும் எடையையும், வளைவில் திரும்பும்போது பக்கவாட்டில் தள்ளும் விசையையும் ஒருசேரத் தாங்குகின்றன. சுமார் 60 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள டயர் ஒரு கிலோமீட்டருக்கு 530 முறைக்கு மேல் சுற்றும். பெங்களூரிலிருந்து சென்னைக்குள் ஏறக்குறைய 1,80,000 சுற்றுகள்.

இத்தனை சுற்றுக்கும் எஃகு எஃகைத் தொடாமல் காப்பது ஓர் எண்ணெய்ப் படலம். அதன் தடிமன் பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு. தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இராது. கிரீஸ் என்பது கெட்டியான எண்ணெய் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது எண்ணெயை உறிஞ்சி வைத்திருக்கும் சோப்பு. நுண்ணிய சோப்பு இழைகள் பஞ்சுபோல் எண்ணெயைப் பிடித்துவைத்து, உருளைகள் கடந்துபோகும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. நம் ஊர்களில் வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி மசகு செய்தார்கள். இன்று டப்பாவில் வரும் லித்தியம் கிரீஸின் சோப்புக்கும் பொதுவான மூலப்பொருள் ஆமணக்கு எண்ணெய்தான். அதை ஹைட்ரஜனேற்றம் செய்து கிடைக்கும் கொழுப்பு அமிலத்தை லித்தியத்துடன் சேர்க்கிறார்கள். மாட்டுவண்டியிலிருந்து இவ்வளவு தூரம் வந்த பிறகும் ஆமணக்கு நம் சக்கரத்தை விட்டுப் போகவில்லை என்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிறது.

எங்கள் இடது குடத்திலிருந்த கிரீஸ் மோர்போல் வெளுத்திருந்தது. “தண்ணீர் போயிருக்கிறது சார்” என்றார் மெக்கானிக். கப்பைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் காட்டினார். உள்முகத்தில் சீப்பின் பற்கள்போல ஒரே இடைவெளியில் கறுத்த கோடுகள். உருளைகள் அசையாமல் நின்ற இடங்கள் அவை. விரல்நகத்தால் வருடினால் ஒவ்வொரு கோட்டிலும் நகம் தட்டியது.

தண்ணீர் எப்படிப் போனது? அக்டோபரில் கடைசிப் பயணம் முடிந்து ஊருக்குள் நுழைந்தபோது கனமழை. ஒரு சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீருக்குள் இறங்கித்தான் வந்தோம். நெடுந்தூரம் ஓடிச் சூடான குடத்துக்குள் காற்றும் சூடாக இருக்கும். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் அந்தக் காற்று சுருங்கும், உள்ளே அழுத்தம் குறையும். தேய்ந்த சீலின் உதட்டைத் தாண்டி வெளியில் உள்ள தண்ணீர் உள்ளே உறிஞ்சப்படும். பிறகு ஏழு மாதம் வண்டி ஒரே இடத்தில் நின்றது. உருளை அழுத்தும் கோட்டில் எண்ணெய்ப் படலம் பிதுங்கி விலகிவிட, ஈரம் அங்கே எஃகை அரித்தது. தினமும் ஓடும் காருக்கு இந்த ஆபத்து குறைவு; சுழலும்போதெல்லாம் படலம் புதுப்பிக்கப்படுகிறது. மாதம் ஒருமுறை டிரெய்லரைச் சில அடி நகர்த்தி நிறுத்தினால்கூடப் போதும், உருளைகளும் கிரீஸும் இடம் மாறிக்கொள்ளும். அரித்த கப்பைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. கப், கோன் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

புது பேரிங்கில் கிரீஸ் ஏற்றுவதை அருகில் நின்று பார்த்தேன். இடது உள்ளங்கையில் எலுமிச்சம்பழ அளவு கிரீஸை வைத்துக்கொண்டார். பேரிங்கின் அகன்ற விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி இழுத்தார். உருளைகளின் இடுக்கு வழியாக மறுமுனையில் கிரீஸ் புழுப்புழுவாக வெளிவரும்வரை விடவில்லை. பிறகு சற்றே திருப்பி அடுத்த இடம். மேலே பூசிவிட்டால் உள்ளே போகாது. பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் சுத்தமாகக் கழுவிக் காயவைத்த பிறகே புதியதை இடவேண்டும். எல்லா வகைக் கிரீஸும் ஒன்றோடொன்று சேராது. பொருந்தாத சோப்புகள் கலந்தால் மொத்தமும் நீர்த்து ஒழுகிவிடும்.

நட்டை இறுக்குவதில்தான் பலர் தவறுகிறார்கள். சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே முதலில் நன்றாக இறுக்கி உருளைகளை இருப்பில் அமர்த்த வேண்டும். பிறகு முழுவதும் தளர்த்தி, வெறும் விரலால் திருகி, காட்டர் பின்னின் துளை பொருந்தவில்லை என்றால் தளர்த்தும் பக்கமாகவே நகர்த்திப் பின்னைச் செருக வேண்டும். ஓடும்போது உலோகம் சூடாகி விரியும். அந்த விரிவுக்கு மயிரிழை இடம் விடாவிட்டால் கூம்புகள் ஒன்றை ஒன்று நெரித்து இன்னும் சூடாகும்.

இனி பிரேக். சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். 900 கிலோ டிரெய்லர் அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி முடிக்கும்போது விடுவிக்கும் ஆற்றல், 30 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். டிரெய்லருக்கு எஞ்சின் இல்லை. கார் தாழ்ந்த கியரில் தாங்கிக்கொள்ளாத பங்கு முழுவதும் பிரேக்குகளில் வெப்பமாக இறங்கும். 250 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள, சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்பு டிரம் 200 டிகிரி கூடுதலாகச் சூடானால் அதன் குறுக்களவு அரை மில்லிமீட்டருக்கு மேல் விரியும். உள்ளிருந்து அதை அழுத்தும், லைனிங் ஒட்டிய ஷூவிடமிருந்து டிரம் விலகிப்போகிறது. லைனிங்கும் சூட்டில் பிடியை இழக்கிறது. அதனால்தான் மலையிறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வரக்கூடாது. விட்டு விட்டு அழுத்தி, இடையில் ஆறவிட வேண்டும்.

எங்களுடையது மின்சார பிரேக். 12 வோல்ட் மின்சாரம் பாய்ந்ததும் டிரம்முக்குள் ஒரு மின்காந்தம், சுழலும் டிரம்மின் முகத்தில் ஒட்டிக்கொள்கிறது. டிரம் அதைத் தன்னோடு இழுத்துப்போகப் பார்க்கிறது. அந்த இழுப்பு நெம்புகோலாக மாறி ஷூக்களை விரிக்கிறது. முன்பக்க ஷூவை டிரம்மே சுழன்று மேலும் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும், கதவுக்கடியில் செருகிய ஆப்பு கதவைத் தள்ளத் தள்ள இறுகுவதுபோல. நிறுத்தும் விசையில் பெரும்பங்கை ஓடும் சக்கரமே கொடுக்கிறது. பேட்டரியிலிருந்து ஒரு காந்தத்துக்குச் செலவாவது சுமார் 3 ஆம்பியர்தான். ஆகவே எர்த் வயர் துருப்பிடித்தால் மின்சாரம் குறைந்து, அந்தச் சக்கரம் மட்டும் அரைமனதாகப் பிடிக்கும். லைனிங் தேயத் தேய ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளி கூடும். பின்தட்டின் துளை வழியாகப் பல்சக்கரத்தைத் திருகி, சக்கரம் நின்றுபோகும்வரை இறுக்கி, லேசான உரசல் மட்டும் கேட்கும் அளவுக்குத் தளர்த்தினால் சரியாகும். உள்ளே உள்ள தூசியை ஊதக்கூடாது. பழைய லைனிங்குகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். ஈரத்துணியால் துடைப்பதே பாதுகாப்பு. கிரீஸ் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மறுபடி மாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அடுத்த சூட்டில் ஊறிய எண்ணெய் மீண்டும் மேலே வரும். மாற்றுவதுதான் வழி.

ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அப்போது குடத்தைத் திறந்து பார்ப்பது நல்ல கணக்கு. இடையில் ஜாக்கி வைத்துச் சக்கரத்தை உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் நட் தளர்ந்திருக்கிறது அல்லது பேரிங் தேய்ந்திருக்கிறது. கையால் சுழற்றி, மறுகையை ஸ்பிரிங்கின் மேல் வைத்தால் காதுக்கு எட்டாத கரகரப்பும் விரலுக்குத் தெரியும்.

இப்போது ஊரைவிட்டுக் கிளம்பினால் அத்திப்பள்ளி தாண்டியதும் ஒருமுறை நிறுத்துகிறேன். கடைசிச் சில நூறு மீட்டர் பிரேக் அதிகம் போடாமல் உருட்டிவந்து நிறுத்தி, புறங்கையை முதலில் இடது குடத்தருகே காட்டுகிறேன், பிறகு வலது குடத்தருகே. இரண்டும் ஒரே வெதுவெதுப்பாக இருந்தால் பயணம் தொடர்கிறது.