கண்டுபிடித்தவர் யாராக இருந்தால் என்ன, பிள்ளைக்கு ஊசியைப் போடுங்கள்

தரம் 6 மாணவிகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி போடும் காலம் வந்தாலே எங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சம்மதப் படிவங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது வழக்கமாகிவிட்டது. ஊசி போட்டால் பின்னாளில் பிள்ளைப்பேறு இருக்காது என்ற கதைக்குப் பதில் சொல்லிப் பழகிவிட்டோம். இந்த முறை வந்தது புதுக் காரணம்: "களவெடுத்த கலத்தில் இருந்து வந்த மருந்து என் மகளுக்கு வேண்டாம்."

எழுதியவர் ஓர் ஆசிரியர். சுன்னாகப் பக்கம் வெங்காயத் தோட்டமும் வைத்திருக்கிறார். நேரிலேயே வந்து, கைபேசியில் ஒரு காணொளியை என் முன் நீட்டினார். அதில் சொல்லப்பட்ட கதை உண்மைதான். ஹென்றியேட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண் 1951 இல், 31 வயதில், அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் இதே புற்றுநோயால் இறந்தார். அவரைக் கேட்காமல் எடுத்த கலங்கள் ஆய்வுகூடங்களில் பெருகின, விற்கப்பட்டன. குடும்பத்துக்கு விடயம் தெரியவே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ஆனால் அந்தக் கலங்கள் இந்த ஊசிக்குள் இல்லை. இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் HPV வைரஸில் இருந்து உள்ளே இருப்பது அதன் வெளியுறைப் புரதம் மட்டும். அதுவும் மதுவம் (ஈஸ்ட்) போன்ற நுண்ணுயிர்களில் உற்பத்தி செய்தது. இந்தப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 வீதத்துக்குக் காரணமான 16, 18 ஆம் வகை வைரஸ்களை 1980களில் கண்டறிந்தது ஜேர்மனியின் ஹரால்ட் சூர் ஹவுசன் குழு. லாக்ஸின் கலங்களிலும் 18 ஆம் வகை இருந்ததை அவர்கள் கண்டார்கள். தொடர்பு அவ்வளவுதான்.

"இருந்தாலும் டொக்டர், அப்படிப்பட்ட ஆட்களின் வழியாக வந்ததுதானே?" என்றார். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். யூரியா போடாமல் வெங்காயம் செய்கிறீர்களா ஐயா என்று கேட்டேன். காற்றிலுள்ள நைதரசனில் இருந்து அமோனியா செய்யும் வழியைக் கண்ட பிரிட்ஸ் ஹேபர்தான், 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ரில் படைவீரர்கள் மீது குளோரின் வாயுவைத் திறந்துவிட்ட ஏற்பாட்டுக்குப் பொறுப்பாக நின்றவர். அந்த அமோனியாவில் இருந்துதான் உங்கள் யூரியா. 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது நம் விவசாயிகள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். ஹேபர் நல்லவரா என்று அப்போது ஒருவரும் என்னிடம் விசாரிக்கவில்லை. பிள்ளைக்கு ஊசி என்றவுடன் மட்டும் எல்லோருக்கும் அறம் நினைவுக்கு வருகிறது.

இதை எத்தனை தடவை சொன்னாலும் ஏறுவதில்லை, ஆகவே விரித்தே சொல்கிறேன். கண்டுபிடித்தவரின் வாய்ச்சொல்லை நம்பி எந்தத் தடுப்பூசியும் எங்கள் குளிர்சாதனப் பெட்டிக்கு வருவதில்லை. வேறு நாட்டில், வேறு ஆட்கள், அவர் தோற்றால் மகிழக்கூடியவர்கள் உட்பட, திரும்பச் செய்து பார்த்த பிறகே வருகிறது. அவர் அயோக்கியராக இருந்து முடிவு சரியாக இருக்கலாம். உத்தமராக இருந்து முடிவு பிழையாகவும் இருக்கலாம். லைனஸ் பாலிங் இரண்டு நோபல் பரிசு பெற்றவர், அதில் ஒன்று சமாதானத்துக்கு. உயிர்ச்சத்து சி பற்றி அவர் சொன்ன பெரிய கதைகள் பரிசோதனையில் நிற்கவில்லை. (யூடியூபில் சாந்தமாகப் பேசும் வைத்தியர்களின் மூலிகைப் பொடியை வாங்குகிறவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை வாசிக்கலாம்.) நாசிகளின் டக்காவ் முகாமில் கைதிகளை உறைநீரில் அமிழ்த்திய சிக்மண்ட் ராஷரின் குறிப்புகளோ, கொடுமையால் மட்டுமல்ல, நம்பத் தகாதவை என்பதாலும் ஒதுக்கப்பட்டவை. தடுப்பூசியை ஓட்டிசத்தோடு முடிச்சுப்போட்ட அன்ட்ரூ வேக்பீல்டின் 1998 ஆம் ஆண்டுக் கட்டுரையும், ஆய்வு நடந்த விதம் பற்றி அதில் சொன்னவை பொய் என்று தெரிந்ததால்தான் 2010 இல் மீளப்பெறப்பட்டது. அது போன பிறகும் 'ஊசி போட்டால் ஓட்டிசம்' என்று இங்கே இன்னும் வருகிறார்கள், அது வேறு வயிற்றெரிச்சல். ஆளைப் பார்த்து அறிவியலைத் தள்ளியவர்களும் உண்டு. லெனார்ட், ஸ்டார்க் என்ற இரு நோபல் பரிசாளர்கள், ஐன்ஸ்டைன் யூதர் என்பதற்காக அவருடைய இயற்பியலையே எதிர்த்தார்கள். நட்டம் ஐன்ஸ்டைனுக்கு இல்லை.

நம் ஊரிலேயே பாருங்கள். மானிப்பாயில் வைத்தியம் செய்த சாமுவேல் கிறீன் அமெரிக்க மிஷனரி. நம்மைச் சமயம் மாற்ற வந்தவர்கள் என்று சைவர்கள் கொதித்த காலம் அது. ஆனாலும் அவர் தமிழில் கற்பித்த மேலை மருத்துவம் இந்த மண்ணில் வேரூன்றியது. மிஷனரிகளை ஆறுமுக நாவலரைப் போல் எதிர்த்தவர் யார்? அவரே 1849 இல் சென்னைக்குப் போய் அச்சு இயந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் சைவ நூல்களை அச்சிட்டார். பாதிரிமார் கையாண்ட கருவி என்று ஏட்டோடு நின்றுவிடவில்லை.

கோபப்பட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஹன்ஸ் ரைட்டர் என்ற நாசி வைத்தியரின் பெயரில் இருந்த மூட்டு நோயை நாங்கள் இப்போது அந்தப் பெயரால் அழைப்பதில்லை. அடிமைப் பெண்களை மயக்கமருந்து இல்லாமல் அறுத்துப் பழகிய அமெரிக்க வைத்தியர் மரியன் சிம்ஸின் சிலை 2018 இல் நியூயோர்க் சென்ட்ரல் பார்க்கில் இருந்து அகற்றப்பட்டது. அவர் பெயர்கொண்ட கருவி பெண்நோயியல் விடுதிகளில் இன்றும் உதவுகிறது. லாக்ஸின் குடும்பம் ஒரு நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டு 2023 இல் இணக்கம் கண்டது. நாசி வைத்தியர்களை விசாரித்தபோது பிறந்த 1947 நியூரம்பேர்க் கோவையின், அதாவது மனிதரில் செய்யும் ஆய்வுகளுக்கான நெறிமுறையின், முதல் விதியே சம்மதம் பற்றியது. நீங்கள் 'வேண்டாம்' என்று எழுதும் அந்தப் படிவத்துக்குப் பின்னால் இருப்பதும் அதே கோபம்தான். அந்த ஆசிரியர் இன்னும் கையொப்பமிடவில்லை. மகளுக்கு முதல் ஊசி போன தவணையே போட்டிருக்க வேண்டும்.

மற்றவர்களுக்குச் சொல்வது இதுதான். ஊசி ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை, முதலாவதோடு நின்றுவிடாதீர்கள். பிள்ளையை வெறுவயிற்றோடு அனுப்பாதீர்கள், மயங்கி விழுவது பெரும்பாலும் பசியாலும் பயத்தாலும். போட்ட பிறகு கால்மணி நேரம் இருக்கட்டும். முன்பு ஏதாவது ஊசிக்குக் கடும் ஒவ்வாமை வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். பாடசாலையில் தவறவிட்டிருந்தால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னால் போதும், வழி செய்வார். அம்மாமாரே, மகளுக்குப் போட்டாயிற்று என்று நீங்கள் இருந்துவிடாதீர்கள். 35 வயதிலும் 45 வயதிலும் சுகவனிதையர் கிளினிக்குக்கு வாருங்கள், தயவுசெய்து. கேள்வி எத்தனை இருந்தாலும் கொண்டுவாருங்கள், இருந்து பதில் சொல்கிறோம். வரும்போது பிள்ளையையும் கூட்டி வாருங்கள்.