வெடிமருந்தைக் கூட்டுவதால் குறி துல்லியமாகாது

துப்பாக்கி பழுதுபார்க்கும் என் மேசைக்கு மறுபடியும் ஒரு .38 ஸ்பெஷல் ரிவால்வர் வந்திருக்கிறது. சிலிண்டரில் சுட்ட தோட்டா இருந்த அறையும் அதன் இருபுறத்து அறைகளும் பிளந்து, அதில் பாதியைக் காணோம். மேல்சட்டம் வில்லாக வளைந்து எழும்பி நிற்கிறது. சுட்டவருக்கு நெற்றியில் தையல். பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் கண் பிழைத்தது. அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "எஃகு மட்டமான எஃகா இருக்குமோ?"

இல்லை. பிளந்த உலோகத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் முகம் முழுக்க ஒரே சாம்பல் நிறம், புத்தம்புதிய உடைப்பு. ஏற்கெனவே விரிசல் இருந்திருந்தால் அந்த இடம் மட்டும் கறுத்தோ துருவேறியோ இருக்கும். இது ஒரே நொடியில், தாங்க முடியாத அழுத்தத்தில் பிளந்தது. அவர் வீட்டிலேயே ரீலோடிங் செய்கிறவர், அதாவது சுட்ட பித்தளைக் கூட்டில் மறுபடி மருந்தும் குண்டும் நிரப்புகிறவர். மிச்சமிருந்த தோட்டாக்களைப் பிரித்து மருந்தை எடை போட்டோம். எல்லாவற்றிலுமே கையேடு சொல்லும் உச்ச அளவைவிட அதிகம். ஒன்றில் அந்த அளவும் இரண்டு முறை விழுந்து, இரண்டு மடங்காக இருந்தது.

ஏன் இவ்வளவு மருந்து என்று கேட்டேன். "துல்லியத்துக்காகத்தான். வேகமாகப் போனால்தானே நேராகப் போகும்?" என்றார்.

இந்தப் பதிலை இனியும் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. சுடப் பழகுகிற ஒவ்வொருவரும் எங்கிருந்தோ இதைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

25 மீட்டர் தூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 250 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு அங்கே போய்ச் சேர 0.1 நொடி ஆகும். அதற்குள் புவியீர்ப்பில் அது சுமார் 5 செ.மீ. இறங்கும். வேகத்தை 300 மீட்டராக்கினால் சுமார் 3.4 செ.மீ. இறங்கும். அவ்வளவு மருந்தைக் கூட்டி நீங்கள் சம்பாதித்தது ஒன்றரை செ.மீ. அதுவும் எல்லாக் குண்டுகளுக்கும் ஒரே மாதிரிதான் மாறுகிறது. குறி பார்க்கும் சைட்டை ஒரு திருகு திருகினால் சரியாகிவிடும் விஷயம் இது. குழுமம், அதாவது இலக்கில் குண்டுகள் பட்டுச் சிதறும் பரப்பு, இதனால் சுருங்காது. நடைமுறையில் ரிவால்வரில் மெதுவான, கனமான குண்டு பல நேரம் மேலேதான் படும், ஏனென்றால் அது குழலை விட்டு வெளியேறும் முன்பே உதைப்பில் முனை எழும்பிவிடுகிறது.

சரி, ஒரு தோட்டாவுக்கும் அடுத்த தோட்டாவுக்கும் வேகம் கொஞ்சம் மாறினால்? 250 மீட்டரில் 5 சதவீதம் ஏறி இறங்கினால்கூட 25 மீட்டரில் அரை செ.மீ. அளவுக்குத்தான் மேலும் கீழும் போகும். தூர ரைஃபிள் சுடுகிறவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் உயிர்ப் பிரச்சினை. அவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டுக் கைத்துப்பாக்கிக்கு அப்படியே பொருத்துவதில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது.

துல்லியத்துக்காகவே சுடுகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். சர்வதேசப் போட்டிகளில் 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிரிவின் துல்லியச் சுற்றில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 50 மி.மீ. அதை அடிக்கப் பெரும்பாலோர் கையில் எடுப்பது .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங், தட்டை முனை வாட்கட்டர் குண்டோடு. சாதுவான தோட்டா. .38 ஸ்பெஷலில் பெயர் பெற்ற இலக்குத் தோட்டாவும் அப்படித்தான்: 148 கிரெய்ன் (குண்டையும் மருந்தையும் நிறுக்கும் சின்ன அலகு) வாட்கட்டர், ஒலியின் வேகத்தைவிட நன்றாகக் குறைவு. .45 ஏசிபி வைத்துப் போட்டி சுடுகிறவர்களும் முழு வலுவில் நிரப்புவதில்லை. குறைந்த உதைப்பில் கை குலையாது, அடுத்த சுடுதலுக்கு முன் கண் பயந்து மூடாது. மருந்தைக் கூட்டினால் கூடுவது உதைப்பு, சத்தம், தேய்மானம், பிறகு என்னைப் போன்றவர்களுக்கு வேலை.

இன்னொரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 160 மி.மீ. உள்ள துப்பாக்கியில், முன் சைட் 1 மி.மீ. விலகினால் 25 மீட்டரில் குண்டு 15 செ.மீ.க்கு மேல் தள்ளிப் படும். விசையை இழுக்கும்போது நாம் செய்யும் கோளாறு இந்த அளவில் இருக்கும்போது, தோட்டாவில் தேடும் ஒன்றிரண்டு செ.மீ. எங்கே தெரியப்போகிறது? மேசையில் மணல் மூட்டை வைத்து, நல்ல தொழிற்சாலைத் தோட்டாவால் சுட்டுப் பாருங்கள். அதில் வரும் குழுமம்தான் உங்கள் துப்பாக்கி செய்யக்கூடியது. கையில் பிடித்துச் சுடும்போது அதைவிட எவ்வளவு விரிகிறதோ அது பயிற்சியின் பாக்கி. அந்தப் பாக்கியை வைத்துக்கொண்டு தோட்டா நிரப்பும் பிரஸ் வாங்க ஓடாதீர்கள்.

ரீலோடிங்கால் துல்லியம் கூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கூடும். உங்கள் குழலின் விட்டத்துக்கு ஏற்ற குண்டு, ஒரே மாதிரி நீளம், அளவான கிரிம்ப் (கூட்டின் வாயைக் குண்டின்மேல் இறுக்குவது), மிதமான மருந்து. இவை அமைந்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஆனால் எல்லாமே ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்பதுதான் இதன் உயிர்நாடி.

இப்போது அந்த இரட்டிப்பு மருந்துக்கு வருகிறேன். .38 ஸ்பெஷல் 1800களின் கடைசியில் கரும்மருந்துக்காகப் பிறந்த தோட்டா. அந்த மருந்துக்கு நிறைய இடம் வேண்டும், அதனால்தான் கூடு அவ்வளவு நீளம். இன்றைய புகையில்லா மருந்தில் இலக்குத் தோட்டாவுக்குத் தேவைப்படுவது ஏறக்குறைய 3 கிரெய்ன், அதாவது 0.2 கிராம். கூட்டின் அடியில் ஒரு சிட்டிகை. அதையே இரண்டு முறை கொட்டினாலும் கூட்டில் பாதிகூட நிரம்பாது. வழியாது, எச்சரிக்காது. இந்தத் தோட்டாவுக்கு நிர்ணயித்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. .357 மேக்னத்துக்கும் 9 மி.மீ. லூகருக்கும் 35,000. "மேக்னம் தாங்குகிறதே, இது தாங்காதா" என்று வாதிடாதீர்கள். மேக்னத்தின் கூட்டை மூன்று மி.மீ. சொச்சம் நீளமாக்கியதே, அது .38 துப்பாக்கியில் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

இரட்டிப்பு எப்படி நடக்கிறது? கவனம் சிதறும் அந்த ஒரு கணத்தில்தான். போன் அடிக்கிறது, பிள்ளை கூப்பிடுகிறது, கைப்பிடி பாதியில் நிற்கிறது. திரும்பி வந்து மறுபடி அழுத்துகிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர் ஒரே இழுப்பில் எல்லா வேலையும் செய்யும் புரோகிரஸிவ் பிரஸ்ஸைத் தொடவே வேண்டாம். ஒவ்வொரு வேலையாகச் செய்யும் எளிய பிரஸ் போதும். மருந்து போட்ட கூடுகளை மரப்பலகைக் குழிகளில் வரிசையாக நிறுத்தி, குண்டு வைக்கும் முன் டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் பாருங்கள். ஐம்பதில் ஒன்று மட்டம் உயர்ந்திருந்தாலும் தாழ்ந்திருந்தாலும் பக்கத்துக் கூடுகளோடு ஒப்பிடும்போது சட்டென்று தெரியும். டார்ச்சுக்கு ஆகும் நேரம் ஒரு நிமிடம். போன் பக்கத்து அறையில் இருக்கட்டும். நடுவில் எழுந்து போக நேர்ந்தால் கையிலிருக்கும் கூட்டைக் காலி செய்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கவேண்டும். வேலை முடிந்ததும் மிச்சத்தை அதே டப்பாவில் கொட்டி மூடுங்கள். பெயரில்லாத பாட்டிலில் இருக்கும் மருந்து என்னவென்று நிறத்தையும் மணத்தையும் வைத்து யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. அதைத் தோட்டாவில் போடவே கூடாது. மின்னணுத் தராசு கிராமில் இருக்கிறதா கிரெய்னில் இருக்கிறதா என்று உட்காரும்போதே பாருங்கள். ஒரு கிராம் 15.4 கிரெய்ன். கூடவே ஒரு சோதனை எடைக்கல்லும் வேண்டும், மின்விசிறிக் காற்றே அந்தத் தராசை ஏமாற்றிவிடும்.

அளவு எங்கிருந்து எடுப்பது? மருந்து தயாரிப்பாளரோ குண்டு தயாரிப்பாளரோ வெளியிட்ட கையேட்டிலிருந்து மட்டும். அதில் போட்டிருக்கும் தொடக்க அளவிலிருந்து ஆரம்பியுங்கள். அப்படிப் போட்டிருக்காவிட்டால் உச்சத்தைவிட 10 சதவீதம் குறைத்து. நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதை வைத்து நிரப்பாதீர்கள், தயவுசெய்து. ஒரே எடையுள்ள இரண்டு குண்டுகள்கூட நீளம் வேறாக இருந்தால் கூட்டுக்குள் இறங்கும் ஆழம் வேறாகும், அழுத்தமும் வேறாகும். கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடிதான் பிரைமர். "பிரைமர் தட்டையாகவில்லை, அப்படியானால் இன்னும் கொஞ்சம் போடலாம்" என்ற கணிப்பும் வேண்டாம். கைத்துப்பாக்கியில் பிரைமர் அடையாளம் காட்டும்போது பல நேரம் வரம்பு தாண்டி வெகுதூரம் போயிருக்கும்.

9 மி.மீ. சுடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சின்னக் கூடு, உயர்ந்த அழுத்தம். மேகசினிலிருந்து அறைக்குள் ஏறும்போது குண்டின் மூக்கு சரிவில் மோதி உள்ளே இறங்கினால், ஒரு மி.மீ.க்கும் குறைவான அந்த இறக்கத்திலேயே அழுத்தம் தாவி ஏறும். நிரப்பிய தோட்டாவின் நீளத்தை அளந்து, மூக்கை மேசை விளிம்பில் வைத்துக் கட்டை விரலால் நன்றாக அழுத்தி, திரும்ப அளந்து பாருங்கள். குறைந்திருந்தால் அந்தத் தொகுதி வேண்டாம். "கிரிம்பை இறுக்கிவிட்டேன்" என்பார்கள். இறுக்கினால் பிடி கூடாது. பித்தளை பின்வாங்கும், ஈயக் குண்டு நசுங்கிப் பின்வாங்காது, பிடி தளர்ந்துதான் போகும். பூச்சுக் குண்டாக இருந்தால் பூச்சும் கிழிந்து, எந்தத் துல்லியத்துக்காக ஆரம்பித்தீர்களோ அதுவே போய்விடும். வாயிலிருக்கும் விரிப்பை நீக்கும் அளவுக்குக் கிரிம்ப் போதும். குழலைக் கழற்றி அறைக்குள் தோட்டாவைப் போட்டால் 'ணங்' என்று தானாக விழவேண்டும், விரலால் சுழற்றினால் சுழலவேண்டும்.

ரிவால்வரில் இதற்கு நேர்மாறு. உதைப்பில் குண்டு முன்னால் நழுவி வந்து சிலிண்டரைச் சிக்க வைக்கும். அங்கே கூட்டின் விளிம்பை உள்பக்கம் சுருட்டி இறுக்கும் உருட்டுக் கிரிம்ப் அவசியம்.

ஈயத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. சுட்ட கூட்டுக்குள் இருக்கும் கரியில் பிரைமரின் ஈயம் இருக்கிறது. கூடுகளை உலர்முறையில் உருட்டிச் சுத்தம் செய்யும்போது அது தூசியாகப் பறக்கும். சமையலறை மேசையில் இந்த வேலை கூடாது. சாப்பிடக் கூடாது, புகைக்கக் கூடாது, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் போட்டிருந்த சட்டையோடு அவர்களைத் தூக்காதீர்கள், மாற்றிவிட்டுத் தூக்குங்கள். தொடர்ந்து செய்கிறவர்கள் அவ்வப்போது ரத்தத்தில் ஈய அளவு பார்த்துக்கொள்வது நல்லது.

பிரைமர்கள் அவற்றின் சொந்தப் பெட்டியிலேயே இருக்கட்டும். குப்பியில் கொட்டி வைத்தால் ஒன்று வெடிக்கும்போது எல்லாமே சேர்ந்து வெடிக்கும். கண்ணாடி போடாமல் பிரஸ் முன் உட்காராதீர்கள். அப்புறம், வீட்டில் தோட்டா நிரப்புவதும் மருந்து சேர்த்து வைப்பதும் பல நாடுகளில் உரிமம் இல்லாமல் குற்றம். முதலில் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள்.

சுடும் இடத்தில் 'படார்' என்று வரவேண்டியது 'பொட்' என்று வந்தால் நிறுத்துங்கள். பெரும்பாலும் மருந்தில்லாத தோட்டா அது. பிரைமரின் வலுவில் மட்டும் நகர்ந்த குண்டு குழலுக்குள்ளேயே அடைத்து நிற்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும், வெடிக்கவும் செய்யும். குழலை இலக்குப் பக்கமே பிடித்து அரை நிமிடம் பொறுங்கள், எல்லாத் தோட்டாவையும் எடுங்கள், துப்பாக்கி காலியானதை உறுதி செய்தபின் குழலுக்குள் கம்பி விட்டுப் பாருங்கள். அன்றைக்கு அந்தத் தொகுதியில் மீதியைச் சுடாதீர்கள், இன்னொருவருக்கும் கொடுக்காதீர்கள். குண்டு பிடுங்கும் சுத்தியல் ஒன்று வாங்கி, வீட்டுக்குப் போய் ஒவ்வொன்றாகப் பிரித்து மருந்தை எடை போடுங்கள்.